நேப்பியர் போடச் சொல்லி வந்திருக்கிறார்கள், காட்டாமணக்கு ஞாபகம் வருகிறது

மேட்டுக்காட்டான்

வணக்கம். நான் கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கம். ஏழு ஏக்கர். நாலு மானாவாரி, அதில் மக்காச்சோளம். மூன்று ஏக்கருக்கு போர்வெல் இருக்கிறது, ஒரு காலத்தில் கரும்பு போட்ட நிலம். பதிவு செய்திருந்த தனியார் ஆலை அரவையை நிறுத்திய பிறகு ஒரு வருஷம் உளுந்து, ஒரு வருஷம் சும்மா என்று ஓடுகிறது.

போன மாதம் இரண்டு பேர் காரில் வந்தார்கள். சூப்பர் நேப்பியர் புல் போடுங்கள், அதை நொதிக்க வைத்து வண்டிக்குப் போடும் கேஸ் எடுக்கப் போகிறோம், பத்து வருஷ ஒப்பந்தம் என்றார்கள். ஏக்கருக்கு வருஷம் 200 டன் வருமாம். கரணைக்கு (நடுகிற தண்டுத் துண்டு) ஒரு தொகை, உறுப்பினர் கட்டணம் என்று ஒரு தொகை, இரண்டையும் நான்தான் முன்பணமாகக் கட்ட வேண்டுமாம். ஆலை எங்கே என்று கேட்டேன். நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். 2007-ல் இதே திண்ணையில் வேறு இரண்டு பேர் உட்கார்ந்து, விதையிலிருந்து டீசலுக்குப் பதில் எண்ணெய் எடுக்கலாம், காட்டாமணக்கு போடுங்கள் என்றார்கள். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு தின்னாது, மூன்றாம் வருஷத்திலிருந்து முப்பது வருஷம் காசு. அப்பா சங்கத்தில் கடன் வாங்கி இரண்டு ஏக்கரில் நட்டார். ஆடு மாடு தின்னாது என்பது மட்டும் உண்மை. காய் ஒரே நேரத்தில் பழுக்காது. ஒரு கொத்தில் பச்சை, மஞ்சள், கறுப்பு மூன்றும் இருக்கும், ஐந்தாறு தடவை ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். பறித்த விதையை வாங்க வருகிறோம் என்றவர்கள் ஒரே ஒரு தடவை வந்தார்கள். அடுத்த வருஷம் போன் போகவில்லை. நாங்கள் ஜேசிபி வைத்துப் பிடுங்கினோம். வேலியோரம் ஒரு வரிசை இன்னும் நிற்கிறது.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று முதலில் ஆபீஸ்களில் கேட்டுப் பார்த்தேன். கிராம நிர்வாக அலுவலர், அடங்கலில் (ஊர்ப் பயிர்க் கணக்கு) தீவனப்புல் என்றுதான் ஏற்ற முடியும் என்றார். கூட்டுறவு சங்கத்தில் இதற்குக் கடன் அளவு கிடையாது என்றார்கள். வேளாண் அலுவலகத்தில் அது கால்நடைத் துறை என்றார்கள். கால்நடை மருத்துவமனையில் உங்களிடம் எத்தனை மாடு என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். மூன்று ஏக்கர் புல்லை இரண்டு மாடு எப்படித் தின்னும் என்று சிரித்தார் டாக்டர். நல்ல மனிதர், அவர் மேல் தப்பு இல்லை.

வண்டிக்கு எண்ணெய் நிலத்தில் விளையும் என்று இருபது வருஷமாகச் சொல்கிறார்கள். விளைவிக்கிறவன் எந்த ஆபீஸ் படி ஏறுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரைகுறை

அண்ணே, 200 டன் என்று சொன்னபோதே எழுந்து மோர் கொண்டுவரப் போயிருக்க வேண்டாமா.

மேட்டுக்காட்டான்

மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன் தம்பி. வீட்டுக்கு வந்தவர்கள்.

கடன் மேசை

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் சங்கச் செயலாளர் சொன்னது சரிதான். ஏன் என்று அவருக்குச் சொல்ல நேரம் இருந்திருக்காது, நான் சொல்கிறேன்.

பயிர்க்கடன் எந்தப் பயிருக்கு, ஏக்கருக்கு எவ்வளவு என்பதை வருஷா வருஷம் மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு முடிவு செய்யும். அந்தப் பட்டியலில் இருப்பதற்குத்தான் நாங்கள் கடன் எழுத முடியும். பட்டியலில் கரும்பு உண்டு, மக்காச்சோளம் உண்டு. தீவனப்புல் இருந்தாலும் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவரின் கணக்குக்குத்தான் அந்தத் தொகை பொருந்தும். 'எரிபொருளுக்கான புல்' என்று ஒரு வரி அதில் ஏற வேண்டுமானால், விளைச்சல் எவ்வளவு, செலவு எவ்வளவு, யார் வாங்குவார் என்று யாராவது குழுவிடம் காட்ட வேண்டும். யார் காட்டுவது? ஆலை வரட்டும் என்று குழு பார்க்கும். பயிர் வரட்டும் என்று ஆலை பார்க்கும். நீங்கள் நடுவில் நிற்பீர்கள்.

இழப்பு இதோடு நிற்காது. பயிர்க்கடனை உரிய தேதியில் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டி கிடையாது. பட்டியலில் இல்லாத பயிருக்கு நகையை வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். பயிர்க் காப்பீடும் அப்படியே. அறிவிக்கை செய்த பயிர், அறிவிக்கை செய்த பிர்க்கா (சில ஊர்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்), இரண்டும் பொருந்தினால்தான் பிரீமியமே வாங்குவார்கள். நம் மாவட்டத்தில் புயல் வராத வருஷம் எது? ஆக ஒரே கையெழுத்தில் மலிவுக் கடனும் போகிறது, காப்பீடும் போகிறது. கேஸ் கம்பெனிக்காரர் காட்டும் லாபக் கணக்கில் இந்த இரண்டும் வராது.

2007-ல் காட்டாமணக்குக்கு மட்டும் எப்படிக் கடன் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். அது மேலிருந்து வந்தது. கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம். வசூல் பண்ணும்போது மேலே இருந்தவர்கள் மாறியிருந்தார்கள். உங்கள் அப்பா மாதிரி எத்தனையோ பேர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கிறேன், நானும் மோர் குடித்திருக்கிறேன்.

ஆலைமணி

நான் கரும்பு அலுவலராக இந்த மாவட்டத்தில் ஓர் ஆலையில் முப்பது வருஷம். நேப்பியர் பற்றித் தெரியாது. ஆனால் காட்டாமணக்கு ஏன் கவிழ்ந்தது என்பதைக் கணக்காகச் சொல்கிறேன், அதில்தான் எல்லாத் திட்டங்களுக்கும் பாடம் இருக்கிறது.

2003-ல் திட்டக் குழுவின் அறிக்கை, நாடு முழுக்க ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு போடலாம் என்றது. 2005 அக்டோபரில் மத்திய அரசு கொள்முதல் கொள்கை கொண்டுவந்தது: 2006 ஜனவரி 1 முதல் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டர் 25 ரூபாய்க்கு பயோடீசல் வாங்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை நாலு கிலோ விதை வேண்டும். ஆட்டுக்கூலி, சுத்திகரிப்பு, லாரி வாடகை எல்லாம் அந்த 25-க்குள். மிச்சத்தை விதைக்குப் பிரித்துப் பாருங்கள், கிலோவுக்கு நாலைந்து ரூபாய் தேறினால் அதிகம். பறிக்கிற அம்மாவுக்கே அது காணாது. பயோடீசல் தயாரிக்கும் செலவே 25-ஐத் தாண்டியது. எரிபொருளுக்கு விலை வைத்தவர்கள் விதைக்கு வைக்கவில்லை, ஆதரவு விலை என்ற பேச்சே ஆரம்பத்தில் இல்லை. 2009-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில் விதைக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை என்று எழுதினார்கள். எழுதியதோடு சரி. அதே கொள்கை 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்பு என்றும் சொன்னது. இப்போதைய 2018 கொள்கையில் அது 2030-க்குள் 5 சதவீதம். இன்று 1 சதவீதம்கூட இல்லை.

இன்னொன்று, 'தரிசு' என்ற சொல். தரிசில் நடச் சொன்னார்கள். ஊரில் தரிசு என்றால் ஆடு மேய்கிற புறம்போக்கு. அங்கே நட ஊர் விடாது. அதனால் வந்தது மேட்டுக்காட்டான் அப்பாவின் பட்டா நிலத்துக்கு, நிலக்கடலை போன இடத்துக்கு. கோவை, திருவண்ணாமலைப் பக்கம் ஆய்வு செய்து 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கேயும் இதே கதைதான்: சொன்ன விளைச்சல் இல்லை, உணவுப் பயிர் போன நிலத்தில் செடி.

சோத்துக்கட்சி

கவிழ்ந்தது நல்லது என்கிறேன். திட்டுங்கள்.

நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு (பெட்ரோலில் கலக்கும் சாராயம்) ஏறத்தாழ 2860 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டிருக்கிறது. நம் பக்கம் போர்வெல் எத்தனை அடி போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை, நெய்வேலி சுரங்கம் வேறு பக்கத்தில். மின்சாரம் இலவசம் என்பதால் அந்தத் தண்ணீருக்கு விலை எழுதாமல் 'பசுமை எரிபொருள்' என்கிறோம். அரிசியையும் சாராயமாக்குகிறார்கள். மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024-ல் இறக்குமதி செய்தது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேளுங்கள் தீவன விலையை.

காவிரி டெல்டாப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டப்படி கடலூர் மாவட்டத்தில் எத்தனால் ஆலையே வரக் கூடாது, அதை யாரும் பேசுவதில்லை.

புதுவைக் கோப்பு

சோத்துக்கட்சி, கடைசி வரி தவறு. 2020 சட்டத்தில் கடலூரின் ஐந்து ஒன்றியங்கள்தான் வருகின்றன: காட்டுமன்னார்கோயில், புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. வேப்பூர் அதில் இல்லை. அந்த ஐந்திலும் தடை செய்த பட்டியல் துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்காலைகள், இரும்பாலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுப்பது போன்றவை. வடிப்பாலை அந்தப் பட்டியலில் கிடையாது.

ஆனால் மக்கள் விடுவார்களா என்பது வேறு. ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் கழிவுநீர் வரும், கறுப்பாக, நாற்றத்தோடு. வெளியே ஒரு சொட்டு விடக் கூடாது என்பது விதி. சிப்காட் தொழிற்பேட்டைக் காற்றை இத்தனை வருஷம் மூச்சிழுத்த கடலூர்க்காரர்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அந்த விதியை நம்பிக் கை தூக்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சோத்துக்கட்சி

சரி, பட்டியல் விஷயத்தில் நான் தவறு. மற்றதில் இல்லை.

முந்திரித்தோப்பு

காடாம்புலியூர் பக்கம் எங்கள் தோப்பு. தானே புயலில் மாமனார் காலத்து மரம் எல்லாம் சாய்ந்து, நாங்கள் புதிதாக நட்டது. ஒரு விஷயம் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்.

மார்ச்சிலிருந்து மே வரை முந்திரிப் பழம் கொட்டிக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை அப்படியே போடுகிறோம். கொட்டையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் எடை பழம். தோப்பே புளித்து நாறும், ஈ மொய்க்கும். தானாகப் புளிக்கிறது என்றால் அதில் சாராயம் இருக்கிறது என்றுதானே பொருள்? கோவாவில் உரிமம் வாங்கி இதே பழத்தில் ஃபெனி என்ற சாராயம் காய்ச்சுகிறார்கள், புவிசார் குறியீடுகூட இருக்கிறது. இங்கே ஒரு குடம் புளித்த சாறு வீட்டில் இருந்தால் மதுவிலக்கு போலீஸ் வரும். குடிக்க வேண்டாம், வண்டிக்கே ஊற்றட்டும். உணவை எரிக்கிறோம் என்ற பழியும் இல்லை. சோத்துக்கட்சி அண்ணன்கூட ஒப்புக்கொள்வார். ஏன் யாரும் செய்யவில்லை?

சோத்துக்கட்சி

ஒப்புக்கொள்கிறேன் அக்கா.

புதுவைக் கோப்பு

அக்கா, நல்ல கேள்வி. இதில் மாட்டியிருப்பது ஒரு பழைய அரசியல் சாசனச் சிக்கல். சாராயம் என்ற ஒரே பொருள் குடித்தால் மது, வண்டிக்கு ஊற்றினால் எரிபொருள், தொழிற்சாலைக்குப் போனால் ரசாயனம். மது மாநிலத்துக்கு. மற்றது யாருக்கு என்று கோர்ட்டில் பல பத்தாண்டுகள். 1990-ல் உச்ச நீதிமன்றம் தொழில்துறைச் சாராயம் மத்திய அரசுக்கு என்றது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி, குடிக்காத சாராயம் தங்கள் கையில் என்று மத்திய அரசு அதை உறுதிப்படுத்தியது. எத்தனால் திட்டம் அந்தத் தெம்பில்தான் ஓடியது. 2024 அக்டோபர் 23-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தொழில்துறைச் சாராயத்தின் மேலும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம், நான் குறை சொல்லவில்லை. முதல் போடுகிறவன் நாளைக்கு எந்த வரி, எந்த பெர்மிட் என்று மறுபடி விரல் விட்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

நான் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன். பாகூர்க்காரர் ஒருவர் இதே முந்திரிப் பழ யோசனையோடு வந்தார். அவருடைய மனு எங்கள் மேசைக்கு வந்தது, நாங்கள் கலால் மேசைக்கு அனுப்பினோம், அவர்கள் தொழில் மேசைக்கு அனுப்பினார்கள். பழம் ஒரே நாளில் அழுகிவிடும். மனு மட்டும் கெடாமல் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது.

சரி, தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. மூன்று மாதம் மட்டுமே பழம், அன்றன்றே பிழிய வேண்டும். மீதி ஒன்பது மாதம் ஆலை என்ன தின்னும்? சர்க்கரைச் சோளத்துக்கும் இதே கதி. தண்டில் சாறு இனிப்பாக இருக்கும், இக்ரிசாட் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் நல்ல ரகங்கள் கொண்டுவந்தார்கள். வெட்டிய மறுநாளே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். சோளம் நல்ல பயிர், எட்டும் தூரத்தில் பிழிய ஆள் இல்லை.

ஆலைமணி

கரும்பு ஆலையில் அந்தப் பருவம் முடிந்தபின் சோளம் பிழியலாமே என்று நாங்களும் பேசியதுண்டு. பேசியதுதான்.

கரும்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை நான். 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்று எல்லை வகுத்திருக்கும். இரண்டு ஆலைக்கு நடுவே 15 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். பதினாலு நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் 15 சதவீதம் வட்டி. எல்லை மீறினால் விவசாயிக்கு நோட்டீஸ் வரும். பதினாலு நாள் மீறினால் யாருக்கு என்ன வரும் என்பதை மேட்டுக்காட்டான் தன் ஆலைக் கதையில் சொல்லட்டும்.

எத்தனால் வந்தால் ஆலைக்குச் சீக்கிரம் காசு வரும், அதனால் நமக்கும் சீக்கிரம் வரும் என்றார்கள். ஓரளவு உண்மை. சர்க்கரை கிடங்கில் கிடந்து விற்க வேண்டும், எத்தனால் பணம் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் 2023 டிசம்பர் 7 என்ற தேதியை எந்த ஆலைக்காரரும் மறக்க மாட்டார். மழை குறைவு, சர்க்கரை தட்டுப்படும் என்று பயந்து, கரும்புச் சாறிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கு உத்தரவு. எத்தனால் ஆண்டு தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரும்பு வெட்டச் சொல்லி ஆலை உத்தரவு கொடுத்தாகிவிட்டது, லாரி வந்து நிற்கிறது. ஒரு வாரம் கழித்து, 17 லட்சம் டன் சர்க்கரை வரைக்கும் போகலாம் என்று தளர்த்தினார்கள். 2024 ஆகஸ்டில் தடையே நீங்கியது. அரிசியும் அப்படித்தான்: எத்தனாலுக்கு அரிசி தருவதை 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் நிறுத்தியது, ஒரு வருஷம் கழித்துத் திறந்தது, கிலோ 28 என்றது, 2025 ஜனவரியில் 22.50 ஆக்கியது. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு நியாயம் இருக்கும். கரும்பு நட்டால் வெட்டப் பத்துப் பன்னிரண்டு மாதம், மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளர்வது) இன்னொரு வருஷம். நடும்போது இருந்த உத்தரவு வெட்டும்போது இருப்பதில்லை.

இது புதிதும் இல்லை. 2003-ல் ஒன்பது மாநிலம், நாலு யூனியன் பிரதேசத்தில் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கினார்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் அதில் உண்டு. அடுத்த வருஷமே வறட்சி, மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கிடைக்கவில்லை, திட்டம் படுத்தது.

விலைக்கு வருகிறேன். சாறிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு லிட்டர் 65.61 ரூபாய், 2022-23-ல் வைத்தது, அதற்குப் பிறகு அசையவில்லை. கரும்பின் விலை அதே காலத்தில் குவிண்டால் 305-லிருந்து 2025-26-ல் 355 ஆனது, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (கரும்பில் சர்க்கரை கிடைக்கும் அளவு). நம் பக்கப் பிழிதிறன் 9-ஐச் சுற்றித்தான். அதனால் 2024-25 பருவத்தில் நமக்கு டன்னுக்கு 3151, மாநில அரசின் ஊக்கத்தொகை 349, ஆகமொத்தம் 3500. ஒரு டன் கரும்பில் 70 லிட்டர் எத்தனால் என்று வைத்தால் 4590 ரூபாய்ச் சொச்சம். வெட்டுக்கூலி நம் தலையில், அரவையும் வடிப்பும் ஆலை தலையில். ஆலைக்காரர் முகம் வாடுவதும் நாம் வாடுவதும் ஒரே கணக்கில்தான்.

அரைகுறை

ஐயா, நீங்கள் ஆலைக்காரருக்காக அழுத மாதிரி தெரிகிறதே.

ஆலைமணி

முப்பது வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன் தம்பி, கொஞ்சம் அழுதுகொள்கிறேன்.

மேட்டுக்காட்டான்

ஆலைமணி ஐயா கேட்டதால் சொல்கிறேன். எங்கள் ஆலை நிலுவை வைத்துவிட்டுப் போனது. அந்த வட்டிக் கணக்கு காகிதத்தில் இருக்கிறது. மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போவதால் எங்களுக்கு லாபம் என்கிறார்களே, அது?

ஆலைமணி

ஆலை வாசல் வரைக்கும் லாபம் இருக்கிறது. ஒரு டன் மக்காச்சோளத்தில் 380 லிட்டர், லிட்டர் 71.86 என்றால் 27,300. வடித்த சக்கை தீவனமாக விற்கும். மக்காச்சோள எத்தனாலுக்குத்தான் இப்போது எல்லாவற்றையும்விட உயர்ந்த விலை. உங்கள் ஆதரவு விலை 2025-26-க்குக் குவிண்டால் 2400.

மேட்டுக்காட்டான்

அந்த 2400-ஐ நான் பேப்பரில்தான் பார்க்கிறேன். நெல்லுக்கு ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் திறக்கிறார்கள். மக்காச்சோளத்துக்கு எங்கள் பக்கம் ஒன்றும் நான் கண்டதில்லை. களத்துக்கே வியாபாரி வருவார், ஈரம் என்று கழிப்பார், கோணிக்குக் கழிப்பார். இல்லையென்றால் வண்டி பிடித்து விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். அங்கே எடை சரியாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வரத்து குவியும் வாரத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் போகிறோம். படைப்புழுவுக்கு மருந்து அடித்த செலவை எத்தனால் விலை கேட்காது. வியாபாரி என் சோளத்தைக் கோழிக்கு விற்றாரா வண்டிக்கு விற்றாரா என்பதே எனக்குத் தெரியாது.

புதுவைக் கோப்பு

அதுதான் விஷயம். வட்டி மானியம் ஆலைக்கு, கொள்முதல் உத்தரவாதம் ஆலைக்கு, ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமானது எத்தனாலுக்கு. 2025 மார்ச்சில் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்கு ஒரு திட்டம் வந்தது: கரும்பை மட்டும் நம்பி வடிக்கும் ஆலையை மக்காச்சோளமும் வடிக்கிற மாதிரி மாற்றினால் வட்டியில் சலுகை. நல்ல திட்டம், வருஷம் முழுக்க ஆலை ஓடும். அதிலும் மக்காச்சோளம் போடுகிறவர் பெயர் கிடையாது.

இன்னொரு பக்கம், ஆலைகள் அதிகமாகிவிட்டன. 2025-26-க்கு எண்ணெய் நிறுவனங்கள் ஒதுக்கியது சுமார் 1048 கோடி லிட்டர், ஆலைகள் தரத் தயாராக இருந்தது 1776 கோடி. கரும்பு வழிக்கு அதில் 28 சதவீதம் போலத்தான். இருபது சதவீதக் கலப்பு வந்தாகிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு என்பது தெளிவாகும் வரை புதிதாகப் பயிர் போடச் சொல்லி வருகிறவர்களிடம் இரண்டு தடவை கேளுங்கள்.

அரைகுறை

என் பழைய வண்டியும் அந்த இருபதைத்தான் குடிக்கிறது. மைலேஜ் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் விலை இறங்கவில்லை. இது தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று மன்ற நடத்துநர் வருவார், நானே போய்விடுகிறேன்.

கடன் மேசை

மேட்டுக்காட்டான், உங்கள் நேப்பியருக்குத் திரும்புவோம்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 கம்பு நேப்பியர் ரகத்துக்கு அவர்களே சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு வருஷம் 360 டன் பச்சைப்புல். ஏக்கருக்கு 146-ஐத் தாண்டாது, அதுவும் நல்ல தண்ணீர், நல்ல எரு, 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று தவறாமல் செய்தால். 200 டன் எங்கிருந்து வந்தது? வெட்டிய புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை லாரியில் ஏற்றி எவ்வளவு தூரம் போக முடியும்? ஆலை பத்து இருபது கிலோமீட்டருக்குள் இல்லையென்றால் டீசல் செலவே புல்லைத் தின்றுவிடும். ஆலைக்கு நிலம் பார்க்கிறோம் என்பதை அதனால்தான் சும்மா விடக் கூடாது.

மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2018 அக்டோபரில் 'சதத்' (SATAT) திட்டம் தொடங்கியது, ஐந்து வருஷத்தில் 5000 கேஸ் ஆலை என்று. சொன்ன காலம் முடிந்தபோது நூறுகூட ஓடவில்லை. இப்போது நகர எரிவாயு நிறுவனங்கள் குறிப்பிட்ட சதவீதம் இந்த கேஸைக் கலந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் வந்திருக்கிறது, 2025-26-ல் 1 சதவீதத்தில் தொடங்கி 2028-29-ல் 5 சதவீதம். அதனால் உண்மையான ஆலைகளும் வரலாம். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன்.

நம் மாநிலத்தில் 2019-ல் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் வந்தது, நாட்டிலேயே முதல் தனிச் சட்டம். விலையை முன்கூட்டியே எழுத வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், நிலத்தின் மேல் கம்பெனிக்கு உரிமை வராது. வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தச் சட்டப்படி பதிவு செய்வீர்களா? அப்புறம், வாங்குகிறவன் நம்மிடம் முன்பணம் கேட்கிறான் என்றால் அவன் தொழில் புல் வாங்குவதா, கட்டணம் வாங்குவதா என்று பாருங்கள்.

முந்திரித்தோப்பு

என் பழத்துக்கு யாரும் வழி சொல்லவில்லை.

கடன் மேசை

இல்லை அம்மா, சொல்ல என்னிடம் இல்லை. இப்போதைக்கு எருக்குழிதான். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் முந்திரிக்காரர்கள் இருக்கிறார்கள், பழத்தில் ஜாம், பானம் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். சாராயம் பற்றி அவர்களும் பேச மாட்டார்கள்.

மேட்டுக்காட்டான்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அவர்களுக்கு போன் போட்டேன். ஒப்பந்தப் பண்ணையச் சட்டம், பதிவு என்று ஆரம்பித்ததும், "எங்கள் லீகல் டீம் பேசும் சார்" என்றார். லீகல் டீம் பேசவில்லை. நேற்று அவரே கூப்பிட்டார்: முன்பணத்தில் பாதி கட்டினால் போதுமாம், சலுகை இந்த மாதம் வரைக்கும்தானாம். பக்கத்து ஊரில் நாலு பேர் கட்டிவிட்டார்களாம். யார் என்று கேட்டேன், பெயர் சொல்லவில்லை. விசாரித்தேன், ஒருவர் உண்மையாகவே கட்டியிருக்கிறார். அவரை இந்த இழையைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மானாவாரியில் வழக்கம்போல மக்காச்சோளம். போர் நிலத்தில் இந்த வருஷம் உளுந்தும் கொஞ்சம் மணிலாவும் (நிலக்கடலை). ஆலை என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புகை விட்டால் அப்போது பார்க்கலாம். கேணியோரம் கால் ஏக்கரில் மட்டும் நேப்பியர் போடலாம் என்று இருக்கிறேன், டாக்டர் கேட்ட அந்த இரண்டு மாட்டுக்கு.

யாரிடமாவது கோ 5 கரணை இருந்தால் சொல்லுங்கள். விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கம் என்றால் நானே வண்டி எடுத்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.

சோத்துக்கட்சி

தொழுதூரில் என் மச்சான் வீட்டில் இருக்கிறது. மாட்டுக்கு என்றால் காசு வாங்க மாட்டார். தனிமடலில் வாருங்கள்.